வலது டிராக் யாருக்கு? நாலு வழிச் சாலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருஷத்துக்கு நாலைந்து முறை தாம்பரத்திலிருந்து கோவில்பட்டிக்குக் காரில் போய் வருகிறவன் நான். திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மதுரை என்று 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் பேச்சு சுற்றிச் சுற்றி இரண்டு பேரிடம்தான் வந்து நிற்கும். ஒருவர், வலது பக்கத்தில் ஆற அமர உருட்டிக்கொண்டு போனவர். இன்னொருவர், பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து லைட் அடித்து உயிரை வாங்கியவர். புதிதாக ஓட்டப் பழகிய சொந்தக்காரப் பிள்ளைகள் கேட்டதும், கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டதும், ஓட்டும்போது எனக்குள்ளேயே எழுந்ததுமாகச் சில கேள்விகள் கீழே இருக்கின்றன.

வலது பக்கம் இருப்பது வேகமாகப் போகிறவர்களுக்கான டிராக்தானே?

பாஸ்ட் டிராக் என்று சொல்லிச் சொல்லியே அப்படி ஆகிவிட்டது. அந்தப் பெயரில்தான் கோளாறு. அது முந்துவதற்கான டிராக். ஏற வேண்டும், முந்த வேண்டும், இறங்கிவிட வேண்டும். பக்கத்து வீட்டில் ஏணி வாங்கினால் வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிறோம் இல்லையா, அதே கணக்கு. 60-ல் போகிறவருக்கும் சரி, 100-ல் போகிறவருக்கும் சரி, முந்த ஆள் இல்லாவிட்டால் இடம் இடது பக்கம்தான்.

இது மரியாதைக்காகச் சொல்வது மட்டும் இல்லை. 1989-ல் வந்த சாலை விதிமுறைகளில் பெயர், தொடக்கம் எல்லாம் சொல்லும் முதல் விதியைத் தாண்டினால் இரண்டாவது விதியே இடது பக்கம் ஒட்டிப் போ என்பதுதான். அந்த விதிமுறைகளுக்குப் பதிலாக 2017-ல் புதியவை வந்தன. தடம் மாறுவதற்கு முன் சிக்னல் கொடு, கோடு போட்ட சாலையில் உன் கோட்டுக்குள் போ என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவில் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். வலது பக்கம் உருட்டியதற்காக அபராதம் கட்டிய ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை என்பது வேறு விஷயம்.

நான் போர்டில் போட்ட வேகத்தில்தான் போகிறேன். என்னைவிட வேகமாக வருகிறவன் சட்டத்தை மீறுகிறான். அவனுக்கு நான் ஏன் வழிவிட வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், ஒழுங்காக வரி கட்டுகிறவர்கள். ஆனால் ஹைவேயில் யாரும் உங்களைப் போலீஸ் வேலைக்கு எடுக்கவில்லை. பின்னால் வருபவர் வேகம் மீறுவது அவர் குற்றம். நீங்கள் வலது பக்கத்தை அடைத்துக்கொண்டு போவது தனிக் குற்றம். ஒன்று இன்னொன்றைச் சமன் செய்யாது.

அப்புறம், உங்கள் ஸ்பீடாமீட்டர் 100 காட்டினால் கார் உண்மையில் 100-க்குச் சற்றுக் குறைவாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான கார்களில் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஆக, பின்னால் வருபவர் வரம்புக்குள்ளேயே வந்துகொண்டிருக்கலாம். வண்டிக்குள் பிரசவ வலியில் யாராவது இருக்கலாம். உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இடது பக்கம் காலி என்றால் ஒதுங்குங்கள். உங்களைக் கடந்து போகச் சில வினாடி போதும், அதன் பிறகு அவர் உங்கள் கவலை இல்லை.

ஒன்று மட்டும் கூடவே கூடாது. முந்த வருகிறார் என்று தெரிந்ததும் ஆக்சிலேட்டரை மிதிப்பது. நம் ஊரில் இது ஒரு வியாதி. அதுவரை 70-ல் ஆடி அசைந்து வந்தவருக்குப் பக்கத்தில் ஒரு கார் வந்ததும் 95 வந்துவிடும். முந்தப்படுகிற வண்டி வேகத்தைக் கூட்டக் கூடாது, வேறு எந்த வகையிலும் தடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

நாலு வழிச் சாலையில் வேக வரம்பு எவ்வளவு?

2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, நடுவில் தடுப்பு உள்ள நாலு வழிச் சாலையில் காருக்கு 100, பஸ்ஸுக்கு 90, லாரிக்கும் டூவீலருக்கும் 80. எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு 120. இந்த அறிவிப்பை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, வேகத்தைக் குறைத்துப் புதிதாக வரம்பு வையுங்கள் என்றது. அந்தக் குழப்பத்துக்குள் நீங்கள் போக வேண்டாம். ஓரத்தில் நிற்கும் போர்டில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. ஊருக்குள் நுழையும் இடத்திலும், பாலத்து வேலை நடக்கும் இடத்திலும் அந்த எண் சட்டென்று இறங்கும். கேமராவும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

லாரிகள் ஏன் வலது பக்கத்தை விட்டு நகர்வதே இல்லை?

எனக்கும் இது நெடுநாள் எரிச்சல். துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் சிமெண்ட் லோடு ஏற்றி வந்த டிரைவர் ஒருவரிடம் வாயைக் கொடுத்தேன். "ஏன்ணே, இடது பக்கம் காலியாத்தான இருக்கு?" என்றதும் அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னார்.

"அங்க பாருங்க தம்பி. ஒரு பைக்கு எதுக்க வருது. அந்தா, ஷேர் ஆட்டோ ஆள் ஏத்துது. அதுக்கு அங்கிட்டு ஒரு லாரி படுத்துக் கெடக்கு. நீங்க பிரேக்கை மிதிச்சாலும் திரும்ப அமுக்குனா உடனே நூறு வந்துரும். எனக்கு அஞ்சு கியர் எறக்கி அஞ்சு கியர் ஏத்தணும். டீசலு யாரு குடுப்பா?"

அவர் சொன்ன பிறகு அந்த ஓரத்தைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிந்தது. சர்வீஸ் ரோட்டிலிருந்து வண்டிகள் ஏறுவது இடது பக்கம். பஸ் நிற்பது இடது பக்கம். எதிர்த்திசையில் வரும் டூவீலர் ஓரத்தை ஒட்டித்தான் வரும். கரும்பு டிராக்டர், வைக்கோல் ஏற்றிய வண்டி, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள், மேய்ச்சல் ஆடு எல்லாம் அந்தப் பக்கம். மேலும் கனரக லோடு ஓடி ஓடி இடது டிராக்கில் பல இடங்களில் சக்கரம் போகும் வாகில் பள்ளம் விழுந்திருக்கிறது. வலது பக்கமோ வழவழவென்று இருக்கும். ஒரு பக்கம் மீடியனும் அரளிச் செடியும், யாரும் குறுக்கே வர மாட்டார்கள் என்ற தெம்பு.

காரணம் புரிகிறது. ஆனாலும் அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஓரத்தில் தடை இல்லாத 2 கிலோமீட்டர் கிடைக்கும்போதாவது இடது பக்கம் வரலாம். வருவதில்லை, பழக்கம். அவர் சிரித்துவிட்டு, "உங்க கார்க்காரங்க மட்டும் என்ன, டோல்கேட்டைத் தாண்டுனதும் ரைட்டுல ஏறுனா அடுத்த டோல்கேட்லதான எறங்குறீங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு லாரி இன்னொரு லாரியை முந்த ஏன் இவ்வளவு நேரம்?

சரக்கு வண்டிகளுக்கு 80-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தச் சொல்லி 2015-ல் விதி வந்தது. டேங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு 60. ஆக ஒருவர் 80-ல் போகிறார், முன்னால் இருப்பவர் 77-ல் போகிறார் என்று வையுங்கள். வித்தியாசம் மணிக்கு 3 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. இரண்டு வண்டியும் ஆளுக்கு 18 மீட்டர் நீளம், முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி என்றால் மொத்தம் 76 மீட்டர் கடக்க வேண்டும். அதற்கு ஒன்றரை நிமிஷம் ஆகும். அந்த ஒன்றரை நிமிஷத்தில் சாலையில் 2 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பின்னால் 20 கார் சேர்ந்துவிடும்.

இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முந்தப்படுகிற லாரிக்காரர் ஒரு பத்து வினாடி காலை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. சிலர் அப்படிச் செய்வார்கள், முந்தினவர் ஒரு ஹாரன் தட்டி நன்றி சொல்வார். ஜெர்மனியில் இந்தக் காட்சிக்கு 'யானைப் பந்தயம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஏற்றத்தில் மட்டும் நிலைமை மோசம். தொப்பூர் கணவாய் மாதிரி இடங்களில் லோடு வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். இறக்கத்தில் அதே வண்டிக்கு பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் அபாயம் உண்டு. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கே லோடு லாரிக்கு முன்னால் போய் உட்காராதீர்கள். முந்தினால் நன்றாக முந்தி விலகிப் போய்விடுங்கள், முடியாவிட்டால் நிறைய இடைவெளி விட்டுப் பின்னாலேயே வாருங்கள்.

முன்னால் போகிறவர் வழியே விடவில்லை. இடது பக்கம் ஏறி முந்தலாமா?

முந்துவது வலது பக்கமாகத்தான். முன்வண்டி வலது பக்கம் திரும்ப சிக்னல் போட்டிருந்தால் இடது பக்கமாகக் கடக்கலாம் என்பது பழைய காலத்திலிருந்தே உள்ள விலக்கு. நடைமுறையில் நம் நாலு வழிச் சாலைகளில் பாதிக்கு மேல் இடது பக்கமாகத்தான் முந்துகிறார்கள், நானும் சேர்த்துத்தான். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூர் தாண்டி, காலை ஏழு மணி இருக்கும். ஒரு வெள்ளைக் கார் வலது பக்கம் 65-ல் போகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் பின்னாலேயே வந்தேன். இரண்டு தடவை லைட் அடித்தேன், அசைவில்லை. பொறுமை போய் இடது பக்கம் எடுத்து அமுக்கினேன். அந்தக் காருக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் தெரிந்தது, முன்னால் ஒரு புல்லுக்கட்டு எதிரே வந்துகொண்டிருக்கிறது. கட்டுக்கு அடியில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல், அதை ஓட்டுகிறவரின் தலை மட்டும் தெரிகிறது. பெட்ரோல் பங்கிலிருந்து ஒன்வேயில் வருகிறார். நான் மிதித்த மிதியில் பின் சீட்டிலிருந்த இட்லி டப்பா கீழே விழுந்து சட்னி கால்மிதியெல்லாம் ஆயிற்று. எக்ஸெல்காரர் மண்ணில் இறங்கி நின்று என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். வெள்ளைக் காரில் இருந்தவர் போனைக் காதில் வைத்தபடி அதே 65-ல் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

வெள்ளைக் காரின் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் வேகத்தைக் கூட்டியது நான்தான். இப்போது சில இடங்களில் இடது பக்கம் எடுப்பதே இல்லை: பெட்ரோல் பங்க், பஸ் நிறுத்தம், ஊர் விலக்கு, சர்வீஸ் ரோடு சேருமிடம். அப்புறம் லாரியை இடது பக்கமாகக் கடப்பதையும் விட்டுவிட்டேன். டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய இடது தோளுக்குக் கீழே ஒரு காரே மறைந்துபோகும் அளவுக்குக் கண்ணுக்குப் படாத இடம் உண்டு. முன்பெல்லாம் கிளீனர் எட்டிப் பார்த்துக் கையாட்டுவார். இப்போது நிறைய லாரிகளில் கிளீனரே கிடையாது.

இப்படிப் பின்னால் மாட்டிக்கொள்வதால் உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது?

கணக்குப் போட்டால் வெட்கமாக இருக்கும். 5 கிலோமீட்டர் தூரம் 90-க்குப் பதில் 60-ல் போனால் இழப்பது 1 நிமிஷம் 40 வினாடி. நான் அந்தப் புல்லுக்கட்டுக்காரரை இடித்திருந்தால் அது இந்த ஒன்றே முக்கால் நிமிஷத்துக்காகத்தான்.

லைட் அடிப்பதும் ஹாரன் அடிப்பதும் சரியா?

ஒரு தடவை, தூரத்திலிருந்து, சின்னதாக. 'நான் வருகிறேன்' என்று சொல்ல அவ்வளவு போதும். பகலில் ஹாரனைவிட லைட் நல்லது, ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றியவருக்கு ஹாரன் சரியாகக் கேட்காது. கேட்காதவரிடம் இரண்டாவது தடவை, கொஞ்சம் இடைவெளி விட்டு. மூன்றாவது தடவையிலிருந்து அது சண்டை. சிலர் அதற்கென்றே இன்னும் மெதுவாகப் போவார்கள்.

ராத்திரியில் ஹைபீமை நிரந்தரமாகப் போட்டுக்கொண்டு பின்னால் வருவது மகா பாவம். முன்னால் இருப்பவருக்கு மூன்று கண்ணாடியிலும் வெளிச்சம் அடித்து இடது பக்கம் எது இருக்கிறது என்றே தெரியாது. வழிவிட நினைத்தாலும் அவரால் முடியாது.

லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் முந்தலாம் என்று அர்த்தமா, முந்தாதே என்று அர்த்தமா?

இதில் ஒருவர் சொல்வது போல் இன்னொருவர் சொல்வதில்லை. சிலர் 'போ' என்பதற்கு வலது இண்டிகேட்டர் போடுவார்கள், சிலர் 'எதிரே வண்டி வருகிறது, வராதே' என்பதற்கு. மூன்றாவதாக, அவர் உண்மையிலேயே வலது பக்கம் திரும்பப் போகிறவராக இருக்கலாம். மீடியனில் வெட்டுவிட்ட இடம் பக்கத்தில் இருந்தால் இந்த மூன்றாவதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் எந்த அர்த்தமும் எடுக்காதீர்கள். உங்கள் கண்ணுக்குச் சாலை தெரிந்தால் மட்டும் போங்கள்.

மழையில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

வேண்டாம். நாலும் மினுக்கினால் நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா, தடம் மாறப் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. மழைக்கு ஹெட்லைட்டை லோபீமில் போடுங்கள், பின் விளக்கு தானே எரியும். ஹசார்டு என்பது வண்டி நின்றுபோனால் போடுவது. நின்றுபோன லாரிக்குப் பின்னால் கல்லையும் வேப்பங்கிளையையும் வைக்கிறார்களே, அது ராத்திரியில் யார் கண்ணுக்கும் படாது. காரில் முக்கோண ரிஃப்ளெக்டர் இருக்கும், டிக்கியில் அடியில். பலர் அதை ஒரு தடவைகூட வெளியே எடுத்ததில்லை.

மூன்று டிராக் உள்ள சாலையில் நடுவில் போனால் சரிதானே?

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரைக்குமான வெளிவட்டச் சாலை மாதிரி இடங்களில் இந்த நடுப்பாதைச் சுகம் அதிகம். யாருக்கும் தொந்தரவில்லை என்ற நினைப்பு. உண்மையில் நடுவில் 60-ல் போகிறவர் ஒரு சாலையை இரண்டாகப் பிளக்கிறார். அவரை முந்த விரும்புகிற லாரி வலது கோடிக்கு வர வேண்டும், பொறுமையில்லாத கார் இடது பக்கம் நுழையும். இங்கிலாந்தில் நடு டிராக்கில் உட்கார்ந்துகொள்வதற்கே 2013-லிருந்து 100 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளியும் உண்டு. இடைவெளி விடாமல் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கும் அதே தண்டனை. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? விட்டால் நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடுகிறாரே?

முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ கம்பத்தையோ கடந்த பிறகு நீங்கள் கடக்கக் குறைந்தது 2 வினாடி ஆக வேண்டும். 80-ல் அது 44 மீட்டர், 100-ல் 55 மீட்டருக்குச் சற்று மேல். மழையென்றால் இரட்டிப்பு. நுழைகிறவர் நுழையட்டும், மறுபடி பின்வாங்கிக்கொள்ளுங்கள். விழுப்புரத்திலிருந்து திருச்சி வரைக்கும் 30 பேர் நுழைந்தாலும் உங்களுக்கு இழப்பு ஒரு நிமிஷம்தான்.

இடைவெளி விடுவதில் இன்னொரு லாபம் உண்டு. 2008-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜப்பானில் ஒரு குழு 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை ஒரே வேகத்தில் சுற்றவிட்டது. தடையே கிடையாது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாகக் காலை எடுக்க, பின்னால் இருப்பவர் கொஞ்சம் அதிகமாக பிரேக் போட, அப்படியே வளர்ந்து ஒரு இடத்தில் வண்டிகள் முழுசாக நின்றேபோயின. தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி ரோட்டில் 'எதுக்குடா நின்னோம்' என்று புரியாமல் நின்று கிளம்புகிறோமே, அதில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் ஊகம். முன்னால் இடைவெளி இருப்பவர் பிரேக் போடாமல் காலை மட்டும் எடுத்துச் சமாளித்துவிடுவார், அலை அவரோடு நின்றுவிடும்.

தீபாவளி, பொங்கல் கூட்டத்தில் பக்கத்து டிராக் மட்டும் ஏன் எப்போதும் வேகமாக நகர்கிறது?

நகர்வதில்லை, அப்படித் தெரிகிறது. இதை 1999-லேயே ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நீங்கள் மற்றவர்களை முந்தும்போது நெருக்கமாக நிற்கும் வண்டிகளைச் சட்டென்று கடந்துவிடுவீர்கள். அவர்கள் உங்களை முந்தும்போது இடைவெளி விட்டு ஒவ்வொருவராகப் போவார்கள். அதனால் முந்தப்படுகிற நேரம் நீளமாகத் தோன்றும். முந்திப்போனவர் வேறு கண் முன்னாலேயே இருப்பார், நாம் முந்தியவர் கண்ணாடிக்குள் போய்விடுவார்.

பரனூர் டோல்கேட்டுக்கு முன் மூன்று தடவை டிராக் மாறிய ஒரு சிவப்புக் காரை நான் அடையாளம் வைத்துக்கொண்டேன். டோல்கேட்டைத் தாண்டும்போது எனக்கு இரண்டு வண்டி பின்னால் இருந்தது. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

டூவீலரில் போகிறேன். எனக்கு எந்த இடம்?

இடது டிராக், ஆனால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணை ஒட்டி இல்லை, சற்று உள்ளே. ஓரத்தில் மணல் சேர்ந்திருக்கும், தார் விளிம்பு இறங்கியிருக்கும். எங்கே போனாலும் கண்ணாடியை மடக்கி வைத்துக்கொண்டு போகாதீர்கள். பெங்களூரு–மைசூரு சாலையின் மையப் பாதையில் 2023 ஆகஸ்ட்டிலிருந்து டூவீலர், ஆட்டோ, டிராக்டர் எல்லாம் கூடாது, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். இலங்கையின் அதிவேகப் பாதைகளிலும் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் அனுமதி இல்லை. நம் நாலு வழிச் சாலைகள் அப்படி இல்லை, ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வேறு வழியே இல்லாத இடங்களும் நிறைய. அதனால் கார்க்காரர்கள் 'இவனெல்லாம் ஏன் ஹைவேக்கு வர்றான்' என்று சலித்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தால்?

இடது பக்கம் ஒதுங்குங்கள், இண்டிகேட்டர் போட்டு. சிக்னல் இல்லாமல் வலது பக்கம் பாயாதீர்கள், அவர் அந்தப் பக்கமாகத்தான் வருவார். வழிவிடாவிட்டால் 194இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. ஆம்புலன்ஸ் போட்ட வழியில் பின்னாலேயே தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி எழுதினால் நாகரிகமாக எழுத வராது. தேசிய நெடுஞ்சாலையில் விபத்தோ, வண்டி நின்றுபோவதோ என்றால் 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

மெதுவாகப் போவதே தப்பா? எனக்கு 60-க்கு மேல் போகப் பயம்.

தப்பே இல்லை. பயம் இருந்தால் 60-லேயே போங்கள், இடது டிராக்கில். குறைந்தபட்ச வேகத்தை நிர்ணயிக்க அரசுக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. அப்படி ஒரு போர்டு இல்லாத இடத்தில் 60-ல் போகிறவரை யாரும் கேட்க முடியாது. ஆனால் ஒரே வேகத்தில் போங்கள். 50, 75, 55 என்று ஏற்றி இறக்குகிறவரை முந்துவதுதான் கஷ்டம், 60-ல் நேர்கோட்டில் போகிறவரை முந்துவது சுலபம். இடது பக்கம் நின்ற லாரியைச் சுற்ற வலது பக்கம் வர வேண்டியிருந்தால் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, மூன்று எண்ணிவிட்டு வாருங்கள். 60-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் வினாடிக்கு 11 மீட்டர். கண்ணாடியில் பொட்டாகத் தெரிந்த கார் நீங்கள் முழுசாகத் திரும்பும்போது பக்கத்தில் வந்திருக்கும்.

அப்பா ஓட்டுகிறார், வலது பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார். எப்படிச் சொல்வது?

என் அப்பாவுக்கு 71 வயது. அரசு வேலையில் இருந்தபோது ஜீப் ஓட்டிய கை. மதுரை தாண்டினால் 'கொஞ்ச நேரம் நான் ஓட்டுறேன்' என்று வாங்கிக்கொள்வார். நேராக வலது டிராக், 60. பின்னால் லைட் அடித்தால், "அவனுக்கு அவசரம்னா அவன் போகட்டும்" என்பார். விதி, அபராதம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து ஓட்டுறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பிறகு ஒருநாள், "அவன் போறதுக்குத்தான்ப்பா நீங்க இடம் குடுக்கணும்" என்றேன். ஒன்றும் பேசவில்லை. ஒரு கிலோமீட்டர் கழித்து இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டு இறங்கினார். அப்புறம் முந்திப் போகிறவர்களைச் சத்தமாக எண்ண ஆரம்பித்தார். இப்போது எப்போது ஓட்டினாலும் எண்ணுகிறார். போன தடவை விருதுநகரிலிருந்து சாத்தூரில் காராச்சேவு வாங்க நிறுத்தியது வரை 37. அதில் இடது பக்கமாக முந்தியவர்களைத் தனியாக எண்ணி வைத்திருந்தார், 4 பேர். வண்டியை விட்டு இறங்கும்போது, "அதுல ஒருத்தன் உன்ன மாதிரியே ஓட்டுனான்" என்றார்.